ரம்பம் தொடாத பலகை: வைக்கிங் கப்பல்களும் அவற்றை மறுபடி கட்டும் தொழிலும்

ஒரு மீட்டர் குறுக்களவுள்ள ஓக் மரத்தைச் சாய்த்துக் கிடத்தி, அடிமுனையில் வரிசையாக ஆப்பு இறக்குகிறார்கள். முதல் சில அடிகளுக்கு மரம் அசைந்து கொடுக்காது. பிறகு உள்ளிருந்து ஒரு முனகல் கேட்கும். மெல்லிய கீறல் ஒன்று முனையிலிருந்து முனைக்கு ஓடும். அடுத்த ஆப்புகளை அந்தக் கீறல் வழியே இறக்கிக்கொண்டே போனால் மரம் இரண்டாகப் பிளந்து விழும். ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாக்க வேண்டும். அரை, கால், அரைக்கால், வீசம் என்று நம் பழைய கீழ்வாய்க் கணக்கு இறங்குவது போலவே ஓக் மரமும் இறங்கி, பதினாறு துண்டுகள் ஆகும். மிக நல்ல மரமென்றால் அரைவீசம் வரை போய் முப்பத்திரண்டு. ஒவ்வொரு துண்டையும் கோடாரியால் செதுக்கி இரண்டரை செ.மீ. பலகையாக்கினால் கப்பலுக்குத் தோல் கிடைத்துவிட்டது.

வடக்கு ஐரோப்பாவின் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் கப்பலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டால் போதும். அதன் வேகம், இலேசு, அலையோடு வளைந்து கொடுக்கும் குணம் எல்லாமே அறுக்காமல் பிளந்த பலகையிலிருந்துதான் தொடங்குகின்றன.

அவர்களுக்கு ரம்பம் தெரியாமல் இல்லை. ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் 1936ல் மாஸ்டர்மைர் என்ற இடத்தில் கிடைத்த வைக்கிங் காலக் கருவிப்பெட்டியில் கோடாரி, வாய்ச்சி, துரப்பண அலகுகளோடு ரம்பமும் இருந்தது. இருந்தும் பலகைக்கு அதை எடுக்கவில்லை. ரம்பம் நேராகப் போகும். மரத்தின் நார் நேராகப் போகாது. நார் எங்கெல்லாம் சற்றே திரும்புகிறதோ அங்கெல்லாம் ரம்பம் அதைக் குறுக்கே வெட்டிவிடும். வெட்டுப்பட்ட நார் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். வளைக்கும்போது பலகை முறிவதும் அந்த இடத்தில்தான். ஆப்பு அப்படி வெட்டாது, நாரின் பின்னாலேயே போகும். அதனால் பிளந்த பலகையில் நார் முனை முதல் முனை வரை அறாமல் ஓடும். அறுத்த பலகையைவிட மெல்லியதாகச் செய்தாலும் தாங்கும்.

இன்னொரு ஆதாயமும் உண்டு. மரம் காயும்போது வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவில் ஏறத்தாழ பாதிதான் நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்கும். ஓக் பலகையின் அகலம் இந்த இரண்டாவது திசையில் அமைவதால் அது குறைவாகவே சுருங்கும், கோணுவதும் குறைவு.

எந்தக் கப்பல்களைப் பற்றிப் பேசுகிறோம்

வைக்கிங் காலம் எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிப் பதினோராம் நூற்றாண்டு வரை நீள்கிறது. அந்தக் காலத்துக் கப்பல் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததாக நினைக்க வேண்டாம். ஆள் ஏற்றித் துடுப்பு போட்டு விரைவதற்கான நீண்டு ஒடுங்கிய போர்க்கலங்கள் ஒரு பக்கம். வயிறு அகன்ற, பாயை மட்டுமே பெரிதும் நம்பிய சரக்குக் கலங்கள் மறுபக்கம்.

நார்வேயின் ஓசபர்க் கப்பல் 1904ல் தோண்டி எடுக்கப்பட்டது. சுமார் 820ல் கட்டப்பட்டு, 834ல் இரண்டு பெண்களின் உடல்களோடு மேட்டுக்குள் புதைக்கப்பட்ட 21.5 மீட்டர் கப்பல் அது. அதற்கு முன்பே, 1880ல், கோக்ஸ்டாட் கப்பல் வெளிவந்திருந்தது. டென்மார்க்கின் ரோஸ்கில்ட கடற்கழியில் கிடைத்தவை வேறு வகை. எதிரி உள்ளே வராமலிருக்க 1070ஐ ஒட்டி, ஸ்குல்டெலெவ் ஊருக்கு அருகே நீர்வழியில் கல் நிரப்பி மூழ்கடித்த ஐந்து பழைய கலங்கள். 1962ல் அந்த இடத்தைச் சுற்றி இரும்புத் தகடுகளால் அணை கட்டி, தண்ணீரை இறைத்து, துண்டு துண்டாக வெளியே எடுத்தார்கள். அவற்றுக்காகவே 1969ல் ரோஸ்கில்டவில் வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

மறுகட்டுமானத் தொழிலுக்கு ஸ்குல்டெலெவ் கலங்களே பெரிய பாடநூல். ஐந்தும் ஐந்து விதம். 16 மீட்டர் நீளமுள்ள பெருங்கடல் சரக்குக் கலம் நார்வேயின் சோக்னெ கடற்கழிப் பகுதியில் பைன் மரத்தில் கட்டியது. 30 மீட்டர் போர்க்கலம் ஓக். அதன் மர வளையங்களை ஒப்பிட்டபோது 1042ஐ ஒட்டி அயர்லாந்தின் டப்ளின் வட்டாரத்தில் கட்டியது என்று தெரியவந்தது. மற்றவை 14 மீட்டர் கரையோரச் சரக்குக் கலம், 17 மீட்டர் சிறிய போர்க்கலம், 11 மீட்டர் படகு. மரம் மாறும்போது செய்முறையும் மாறும். பைன் மரத்தை ஓக் போலப் பதினாறாகப் பிளப்பதில்லை. நடுவே இரண்டாகப் பிளந்து, பாதிக்கு ஒன்றாக இரண்டே அகலப் பலகைகள் எடுப்பார்கள்.

சில சொற்கள்

கப்பலின் உறுப்புகளுக்கு நம் கடலோரத்தில் நல்ல சொற்கள் இருக்கின்றன. அவற்றையே இங்கே பயன்படுத்துகிறோம். அடியில் முதுகெலும்பு போல் ஓடும் கட்டை ஏரா. முன்முனை அணியம். உடலுக்குள் விலா எலும்பு போல் நிற்பவை வங்குகள். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். அதை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு தாமான். முன்முனையிலிருந்து பின்முனை வரை ஓடும் ஒரு பலகை வரிசையை ‘வரி’ என்று சொல்வோம். ஓசபர்க் கப்பலில் பக்கத்துக்கு 12 வரிகள், கோக்ஸ்டாட்டில் 16.

வைக்கிங் முறையில் ஒவ்வொரு வரியும் தனக்குக் கீழுள்ள வரியின் மேல்விளிம்பில் ஓட்டு வீட்டின் ஓடு போலச் சற்றே ஏறி உட்காரும். ஏறி உட்கார்ந்த இடத்தில் இரண்டையும் சேர்த்து இரும்பு ரிவிட் அடிப்பார்கள். பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி வைத்து, பிறகு இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடிக்கும் முறை வேறு. இங்கே கசிவைத் தடுக்கும் கம்பளி நூல், பலகைகளைச் சேர்ப்பதற்கு முன்பே இடையில் வைக்கப்பட்டுவிடும். பிறகு நினைத்துக்கொண்டு வைக்க வழியில்லை.

தொடக்கக்காரர்களைக் குழப்புவது கட்டும் வரிசை. பிற்கால ஐரோப்பியப் பெருங்கப்பல்களுக்கு முதலில் எலும்புக்கூடு நிற்கும், பிறகு பலகை போர்த்துவார்கள். வைக்கிங் கப்பலில் தோல் முதலில், எலும்பு பிறகு. வங்குகளை வெட்டும் நேரத்தில் கப்பலின் வடிவம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். வங்கு அந்த வடிவத்துக்குப் பொருந்தியாக வேண்டும்.

சிதைவிலிருந்து வரைபடம்

மறுகட்டுமானம் என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். நார்வேயில் 2012ல் வெள்ளோட்டம் விட்ட டிராகன் ஹரால்ட் ஹார்ஃபாக்ரே அழகான, பெரிய கப்பல். ஆனால் அது எந்த ஒரு குறிப்பிட்ட சிதைவையும் பின்பற்றியதில்லை. வைக்கிங் பாணியில் எழுந்த புதுக்கப்பல். மறுகட்டுமானம் என்பது ஒரு குறிப்பிட்ட கண்டெடுப்பை எடுத்து, ஒவ்வொரு துண்டும் சொல்வதைக் கேட்டு, இல்லாத இடத்தை மட்டும் நிரப்புவது.

வேலை காகிதத்தில் தொடங்குகிறது. எடுத்த ஒவ்வொரு மரத்துண்டையும் அதே அளவில் வரைவார்கள். விளிம்பு, ரிவிட் ஓட்டைகள், நாரின் ஓட்டம், கோடாரித் தடம் எல்லாம் அதில் வர வேண்டும். இப்போது முப்பரிமாணக் கருவிகள் இந்த வேலையைச் செய்கின்றன. பிறகு வரைபடங்களைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, அட்டையில் வெட்டி, ரிவிட் ஓட்டைகளை ஒன்றோடொன்று பொருத்திச் சேர்ப்பார்கள். பலகைகளைத் தட்டையாக வெட்டினாலும், ஓட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போகும்போது அட்டை தானாக வளைந்து கப்பல் வடிவம் எடுக்கும். இந்த எளிய உத்தியின் மேல் எங்களுக்குப் பெரிய மரியாதை உண்டு. ஓட்டைக்கு ஓட்டை சேரவில்லை என்றால் எங்கோ ஒரு துண்டு நசுங்கியிருக்கிறது அல்லது சுருங்கியிருக்கிறது என்று அட்டையே சொல்லிவிடும்.

மரமே மிஞ்சாத இடமும் உண்டு. டென்மார்க்கின் லாட்பியில் 1935ஐ ஒட்டித் தோண்டிய கப்பலில் மரம் மட்கிப்போய், மண்ணில் பதிந்த அச்சும் வரிசை வரிசையாக ரிவிட்டுகளும் மட்டுமே கிடைத்தன. ரிவிட் வரிசைதான் பலகை வரியின் விளிம்பு. அதிலிருந்தே வரிகளின் வளைவை மீட்டார்கள். அதன் மறுகட்டுமானம் 2016ல் கடலில் இறங்கியது.

மரம் தேர்வதும் பலகை எடுப்பதும்

காட்டில் நெருக்கமாக வளர்ந்த, உயரம் வரை கிளையில்லாத, பட்டை நேராக ஓடும் மரம்தான் பலகைக்கு வேண்டும். பட்டையின் வெடிப்புகள் மரத்தைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறினால் உள்ளே நாரும் முறுக்கிக்கொண்டிருக்கும். அதைப் பிளந்தால் காற்றாடி இறக்கை போல் திருகிய துண்டுதான் வரும், விறகுக்கு ஆகும். தனியாக வயல்வெளியில் நின்று பக்கவாட்டில் கிளை பரப்பிய ஓக், வங்குகளுக்கு ஏற்றது. அதன் வளைந்த கிளைகளில் நாரும் வளைந்தே ஓடும். நேர் மரத்தை வளைவாக வெட்டினால் முனைகளில் நார் அறுந்து, வங்கு அங்கே தெறிக்கும். அதனால் தச்சர்கள் காட்டுக்குள் போகும்போது வங்கின் வளைவை அட்டையில் வெட்டி எடுத்துப்போய், கிளைகளின் மேல் வைத்துப் பார்ப்பது வழக்கம். நம் கடலோரத் தச்சர்களும் வங்குக்கு வளைந்த மரத்தைத்தான் தேடுவார்கள்.

கணக்கு ஒன்று பார்ப்போம். ஒரு மீட்டர் குறுக்களவு மரத்தின் சுற்றளவு 3.14 மீட்டர். அதன் வீசத் துண்டு பட்டைப்பக்கம் ஏறக்குறைய 20 செ.மீ. தடிமனாகவும் நடுப்பக்கம் கத்திமுனையாகவும் இருக்கும். பட்டையை ஒட்டிய வெள்ளையைக் கழிக்க வேண்டும், அது சீக்கிரம் உளுத்துவிடும். நடுவிலுள்ள கூர்ப்பகுதியும் பலகைக்கு ஆகாது. ஐம்பது செ.மீ. ஆரத்தில் கடைசியாகக் கையில் நிற்பது 30, 35 செ.மீ. அகலம். ஆப்பு வடிவத் துண்டைச் சமதடிமனாக்க, பட்டைப்பக்கம் பெரும்பகுதியைச் செதுக்கித் தள்ள வேண்டும். மரத்தில் பாதிக்கும் மேல் செதுக்குச் சிராயாகவே போகிறது. மரம் தாராளமாகக் கிடைத்த காலத்தின் தொழில் இது. ஸ்குல்டெலெவின் 30 மீட்டர் போர்க்கலத்தை மறுபடி கட்டச் சுமார் 300 ஓக் மரங்களும் 7,000 ரிவிட்டுகளும் 2,000 மீட்டர் கயிறும் தேவைப்பட்டன. அயர்லாந்தின் கிளெண்டலோவிலிருந்து வந்த கடல் பொலிகுதிரை என்று பொருள்படும் ஹவ்ஹிங்ஸ்டன் ஃப்ரா கிளெண்டலோ என்ற அந்தக் கப்பல் 2004ல் ரோஸ்கில்டவில் கடலில் இறங்கி, 2007ல் டப்ளின் வரை பாய்விரித்துப் போனது.

மரத்தைப் பச்சையாகவே வேலை செய்ய வேண்டும். வீட்டு மரவேலை பழகியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஆண்டுக்கணக்கில் காயவைத்து வைரம் பாய்ந்த ஓக்கில் கோடாரி சறுக்கும், ஆப்பு தெறிக்கும். வெட்டிய சில வாரங்களுக்குள் பிளந்தால் மரம் இணங்கும். உடனே பயன்படுத்தாத துண்டுகளைத் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பார்கள். ஸ்காட்லாந்தின் எய்க் தீவில் சதுப்பு நிலத்துக்குள்ளிருந்து செதுக்கிய அணியக் கட்டைகள் கிடைத்திருக்கின்றன. பழைய தச்சர்களும் அப்படியே செய்தார்கள் என்பதற்கு அவை சாட்சி. வெயிலில் ஒரு நாள் விட்டால் புதிதாகச் செதுக்கிய பலகையின் முனை வெடித்துவிடும். முனைகளில் தார் பூசி நிழலில் வைப்பது இதற்காகத்தான்.

செதுக்கும் கோடாரி வெட்டும் கோடாரியிலிருந்து வேறானது. வாய் அகன்றது, ஒரு பக்கம் தட்டையாகத் தீட்டியது. முதலில் சாதாரணக் கோடாரியால் ஒரு முழத்துக்கு ஒன்றாகக் குறுக்கே கொத்திட்டு, கொத்துகளுக்கு இடையிலுள்ள மரத்தைத் தெறிக்க வைப்பார்கள். பிறகுதான் அகன்ற வாய்க் கோடாரி நாரோட்டத்தோடு இறங்கும். நாரை எதிர்த்து இறங்கினால் கோடாரி உள்ளே புகுந்து பலகையைப் பிளந்துகொண்டு போகும். பல நாள் உழைப்பு ஒரே வீச்சில் போய்விடும்.

ஏராவிலிருந்து மேலே

ஏராவை நிலத்தில் தாங்குகட்டைகளின் மேல் அசையாமல் நிறுத்தி, இரு முனைகளிலும் அணியக் கட்டைகளைச் சேர்ப்பதில் கட்டுமானம் தொடங்கும். ஸ்குல்டெலெவ் கரையோரச் சரக்குக் கலத்தின் அணியக் கட்டை வியப்பூட்டுவது. ஒரே ஓக் துண்டில், பின்னால் வந்து சேரப்போகும் ஒவ்வொரு பலகை வரியின் தொடர்ச்சியும் முன்கூட்டியே செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பலகைகூடப் பொருத்துமுன்பே எல்லா வரிகளின் அகலமும் வளைவும் தச்சரின் மனத்தில் இருந்தன என்று அந்த ஒரு துண்டே காட்டுகிறது. கையில் வரைபடம் இருக்கும் இன்றைய தச்சர்களுக்கே அதைச் செதுக்குவது கடினமான வேலை.

ஏராவை ஒட்டிய முதல் வரிதான் மிகவும் படுத்தும். நடுவில் ஏறக்குறைய படுத்திருக்கும் பலகை, முனைக்குப் போகும்போது நிமிர்ந்து நிற்க வேண்டும். இந்தத் திருகலைப் பலகையை முறுக்கி மட்டும் வாங்க முடியாது. முனைப்பகுதியைத் தடித்த துண்டிலிருந்து திருகிய வடிவிலேயே செதுக்கி எடுப்பது நல்லது. முறுக்கி வலிந்து அடித்த பலகை ரிவிட்டுகளை நாள்தோறும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்த வரி ஏறுவதற்கு, கீழ் வரியின் மேல்விளிம்பில் நான்கைந்து செ.மீ. அகலத்துக்குச் சரிவு சீவ வேண்டும். மேலே வரும் பலகை எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதை இந்தச் சரிவே முடிவு செய்கிறது. கப்பலின் வடிவம் முழுக்க இதில்தான் இருக்கிறது. கோணம் இரண்டு பாகை பிசகினால் 25 செ.மீ. அகலப் பலகையின் மேல்விளிம்பு ஏறக்குறைய 9 மி.மீ. தள்ளிப்போகும். அதே பிழை அடுத்த வரியிலும் வந்தால் இன்னும் கூடும். ஒரு பக்கம் மட்டும் பிசகினால் கப்பல் ஒருச்சாய்ந்தே பிறக்கும். எனவே ஒவ்வொரு வரியையும் இரு பக்கமும் மாற்றி மாற்றி ஏற்றி, பல இடங்களில் கோணத்தை அளந்து, மேலிருந்து தாங்குகழி கொடுத்து நிறுத்திய பிறகே அடுத்ததற்குப் போவார்கள்.

ஒரு வரிக்கு ஒரே பலகை போதாது. இரண்டு மூன்று பலகைகளை முனையில் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படுத்து ரிவிட் அடிப்பார்கள். வெளிப்புறம் தெரியும் இணைப்பு வாய் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். முன்பக்கம் பார்த்தால் ஓடும் நீர் அதற்குள் நுழைந்து நெம்பும். பக்கத்து வரிகளின் இணைப்புகள் ஒரே நேர்க்கோட்டில் வரவும் கூடாது.

ஒரு ரிவிட்டுக்குள் எத்தனை பிழை

ரிவிட் வேலை பார்க்க எளிது. இரு பலகைகளுக்கும் இடையே தாரில் தோய்த்த கம்பளி நூலையோ விலங்கு மயிரையோ வைத்து, இறுக்கிப் பிடிகளால் நெருக்கி, ஆணியைவிடச் சற்றே சிறிய ஓட்டை போட வேண்டும். வெளியிலிருந்து ஆணி உள்ளே போகும். உள்ளே நிற்பவர் அதன்மேல் சதுரமான சிறு இரும்பு வாஷரைக் கோத்து, குழல்முனை உளியால் பலகையோடு சேர அறைவார். பிறகு ஆணியின் மிச்சத்தை நறுக்கி, நுனியைத் தட்டித் தட்டிக் குடை போல் விரிப்பார். வெளியே இருப்பவர் கனமான சுத்தியலை ஆணித்தலையில் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் ஒவ்வொன்றாக இது தொடரும்.

பிழை வரும் இடங்கள் பல. வெளியே பிடிப்பவர் கவனம் தப்பினால் ஒவ்வொரு அடிக்கும் ஆணி பின்வாங்கும். பலகைகள் நெருங்கியது போல் தோன்றி உள்ளே இளகி நிற்கும். நறுக்கியபின் ஆணி நீளமாக மிஞ்சினால் நுனி விரியாமல் தண்டு மரத்துக்குள் முழங்கை போல் மடங்கும். அன்று இறுக்கமாகத் தெரியும். கப்பல் அலையில் அசையத் தொடங்கியதும் மடங்கிய தண்டு நிமிர்ந்து இணைப்பு தளரும். குட்டையாக நறுக்கினால் விரிக்க இரும்பே இருக்காது. ஆணியின் தடிமன் அளவு மிச்சம் விட்டு, இலேசான சுத்தியலால் நிறைய அடிகள் கொடுப்பதே சரி. கனத்த அடி நான்கு, இலேசான அடி நாற்பதுக்கு ஈடாகாது. அதிகம் இறுக்குவதும் தவறு: வாஷர் மரத்துக்குள் புதைந்து நாரை நசுக்கும். பச்சைப் பலகை காய்ந்து சுருங்கும்போது அந்த இடத்தில்தான் வெடிப்பு தொடங்கும். பலகையின் முனைக்கு மிக அருகில், ஒரே நார்க்கோட்டில் இரண்டு ஓட்டை போட்டாலும் அதே கதி.

வரிகள் சில ஏறியதும் அடி வங்குகளை இறக்குவார்கள். வங்கையும் பலகையையும் சேர்க்க வில்லோ மரத்தில் செதுக்கிய மர ஆணிகள் பயன்பட்டன. உள்முனையைப் பிளந்து காய்ந்த ஓக் ஆப்பு ஒன்றை அடித்தால் மர ஆணி விரிந்து இறுகும். ஆப்பின் வாய், கீழேயுள்ள மரத்தின் நாரோட்டத்துக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நாரோடு சேர்த்து அடித்தால் ஆப்பு ஆணியை விரிப்பதோடு நிற்காமல் அந்த மரத்தையும் பிளந்துவிடும். ஓசபர்க் காலத்தில் வேறு வழி. பலகையைச் செதுக்கும்போதே உட்புறம் சிறு மேடுகளை விட்டுவைத்து, அவற்றில் துளையிட்டு, திமிங்கிலத் தாடைத் தகட்டின் கீற்றுகளால் வங்கோடு கட்டினார்கள். கட்டு வளையும், ஆணி வளையாது. அந்தக் கப்பல்கள் அலையில் நெளிந்து போனதற்கு இதுவும் காரணம்.

இந்த நெளிவை நேரில் காட்டியது 1893ன் ‘வைக்கிங்’ என்ற கப்பல். கோக்ஸ்டாட் மாதிரியில் கட்டி, காப்டன் மாக்னஸ் ஆண்டர்சன் பெர்கனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து சிகாகோ உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனது. நாலு வாரத்தில் நியூஃபவுண்ட்லாந்தை எட்டியது. கடும் அலையில் மேல்விளிம்பு சுமார் 15 செ.மீ. வரை திருகிக் கொடுத்தும் தண்ணீர் உள்ளே வரவில்லை என்று ஆண்டர்சன் பதிவு செய்திருக்கிறார்.

ஓசபர்க் கற்றுக்கொடுத்தது

மறுகட்டுமானத்தின் மதிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நாங்கள் ஓசபர்க்கைத்தான் காட்டுவோம். ஆயிரக்கணக்கான துண்டுகளாக நசுங்கிக் கிடந்த அந்தக் கப்பலை, தோண்டியெடுத்த சில ஆண்டுகளில் பலகைகளை நீராவியில் வைத்து வளைத்து மறுபடி சேர்த்தார்கள். பெரும்பகுதி பழைய மரமே. உலகம் முழுக்க அறிந்த அந்த வடிவத்தை அப்படியே அளந்து 1987ல் ஒரு நகல் கட்டினார்கள். மறு ஆண்டு சோதனை ஓட்டத்தில் அது மூழ்கியது. வேகம் பிடித்துச் சாய்ந்தபோது, அணியத்தில் எழுந்த அலை பக்கவிளிம்பைத் தாண்டி உள்ளே கொட்டியது.

ஓசபர்க் கடலுக்கே போகாத அலங்காரக் கப்பல் என்ற பேச்சு அப்போது வலுத்தது. வேறு சிலர் துண்டுகளுக்கே திரும்பிப் போனார்கள். லேசர் அளவீடு எடுத்து, துண்டு துண்டாக மாதிரி செய்து சேர்த்தபோது, அருங்காட்சியகத்தில் நின்ற கப்பலின் முன்பகுதி அடிப்பலகைகள் பழைய வடிவத்தில் சேரவில்லை என்று தெரிந்தது. உண்மையான அணியம் இன்னும் பருத்திருந்தது. தண்ணீரில் அதிகம் மிதப்பைத் தரக்கூடியது. அந்த வடிவத்தில், நார்வேயின் டன்ஸ்பர்க்கில் பழைய கருவிகளோடு கட்டிய சாகா ஓசபர்க் 2012 ஜூன் 20 அன்று கடலில் இறங்கி, பின்னர் பாய்விரித்து நன்றாகவே ஓடியது. குற்றம் ஒன்பதாம் நூற்றாண்டுத் தச்சரிடம் இல்லை, இருபதாம் நூற்றாண்டுப் பொருத்தலில் இருந்தது. மூழ்கிய நகல் இல்லாமல் இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு அழுத்தமாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பாய், கயிறு, தார்

சுக்கான் பின்முனையில் இல்லை. வலப்பக்கம், மரவேரோ கொடியோ முறுக்கிய கட்டால் உடலோடு தொங்கும். ஆங்கிலத்தில் கப்பலின் வலப்புறத்தைக் குறிக்கும் ‘ஸ்டார்போர்டு’, சுக்கான் பிடிக்கும் பக்கம் என்ற பொருளில் பிறந்த சொல். சுக்கான் இலையின் எல்லாச் சுமையும் அந்த ஒரு கட்டின் மேல் விழுவதால், கட்டைத் தேய்மானம் பார்த்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பாய் கம்பளி. பலரும் நம்ப மறுப்பது இது. நார்வேயின் வடக்கே டிரோண்டனெஸ் தேவாலயத்தின் கூரைக்குள் திணிப்பாகக் கிடந்த இடைக்காலக் கம்பளிப் பாய்த் துண்டுகள் நெசவுக்கு நேரடிச் சான்றாக உதவின. வடக்கத்திய பழைய இனச் செம்மறிக்கு இரண்டு அடுக்கு மயிர் உண்டு. வெளியடுக்கின் நீண்ட, முரட்டு மயிர் பாவு நூலுக்கு. உள்ளடுக்கின் மென்மயிர் ஊடைக்கு. தக்ளியில் நூற்று, தறியில் நெய்து, அகலம் குறைந்த துணிகளை இணைத்துத் தைக்க வேண்டும். நெய்ததும் காற்று ஊடுருவும். அதனால் கொழுப்பு, காவிமண், பைன் தார் கலந்து பூசி நுண்துளைகளை அடைப்பார்கள். பூச்சு அதிகமானால் பாய் விறைத்துக் கனக்கும். குறைந்தால் காற்று ஓடிவிடும். மறுகட்டுமானங்களில் பார்த்தவரை, பாய்க்கு ஆகும் உழைப்பு கப்பலின் உடலுக்கு ஆகும் உழைப்புக்குக் குறைந்ததில்லை. கப்பல் என்றதும் கோடாரி பிடித்த கைகளை மட்டும் நினைப்பது நூற்றவர்களுக்கும் நெய்தவர்களுக்கும் செய்யும் அநியாயம்.

கயிற்றுக்கு லிண்டன் மரத்தின் உட்பட்டை. கோடைத் தொடக்கத்தில் உரித்து, தென்னை மட்டையை ஊறப்போடுவது போலவே தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்தால் தாள் தாளாகப் பிரியும். அதைக் கீறி முறுக்குவார்கள். ஆஞ்சானுக்கும் தாமானுக்கும் இழுப்பு அதிகம் என்பதால் குதிரை மயிர், வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தோல் போன்றவையும் பயன்பட்டன.

தார் இல்லாமல் இதில் எதுவும் நிற்காது. மரம், நூல், கயிறு, பாய் என்று எல்லாவற்றிலும் அதுவே. பிசின் ஏறிய பைன் வேர்களைப் புனல் வடிவக் குழியில் அடுக்கி, மண் மூடி, காற்றைக் குறைத்து மெல்லக் கனலவிட்டால் அடியில் தார் வடியும். காற்று அதிகம் புகுந்தால் தாரே எரிந்துபோகும். ஸ்வீடனில் எட்டாம் நூற்றாண்டிலிருந்து காட்டுக்குள் பெரிய குழிகள் தோன்றுகின்றன. ஒரே எரிப்பில் 200 முதல் 300 லிட்டர் வரை தரக்கூடியவை அவை. கடற்பயணங்கள் பெருகியதும் தார்க்குழிகள் பெரிதானதும் ஒரே காலம்.

கையில் செய்து பார்க்க

ஓக்கும் கடற்கழியும் வேண்டியதில்லை. 30 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிமனில் ஏதாவது மென்மரப் பலகை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் விளிம்பில் இரண்டரை செ.மீ. அகலத்துக்குச் சரிவு சீவுங்கள்; நடுவில் தட்டையாகத் தொடங்கி முனைக்குப் போகப் போகச் சரிவைக் கூட்டினால் மேல் பலகை திருகி ஏறுவதைக் காணலாம். எண்ணெயிலும் குங்கிலியத்திலும் தோய்த்த கம்பளி நூலை இடையில் வையுங்கள். 5 செ.மீ. இடைவெளியில் ஓட்டையிட்டு, 3 மி.மீ. செம்பு ஆணியும் செம்பு வாஷரும் கோத்து, 3 மி.மீ. மிச்சம் விட்டு நறுக்கி, சிறு சுத்தியலால் விரியுங்கள். ஒருவர் ஆணித்தலையில் பிடிக்கட்டும்.

முடித்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இணைப்பு நெடுக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு ஓர் ஆணியை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, தண்டு நேராக நிற்கிறதா, முழங்கை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முதலில் அடித்தவை எல்லாம் முழங்கை போட்டிருக்கும். ஆணியை மாற்றி, சுத்தியலின் எடையைக் குறைத்து மறுபடி அடியுங்கள்.

ஸ்குல்டெலெவின் 14 மீட்டர் சரக்குக் கலத்தை ரோஸ்கில்டவில் முதலில் 1982 முதல் 1984 வரை ரோர் ஏக என்ற பெயரில் கட்டினார்கள். காற்றை எதிர்த்துச் சுமார் 60 பாகைக் கோணத்தில் ஏறிப்போக முடியும் என்பது உட்பட, சதுரப் பாயைப் பற்றி இன்று நாம் அறிந்த பலவும் அதில் பாய்விரித்து அறிந்தவை. மரம் தளர்ந்ததும் 2016ல் அதைக் கரையேற்றி அருங்காட்சியகத்துக்குள் வைத்தார்கள். அதே சிதைவிலிருந்து மறுபடியும் ஒரு கப்பல், எஸ்ட்ரிட் பியூர்டிங், 2022ல் கடலில் இறங்கியது. அதற்கும் பலகைகள் ஓக் மரத்தில் ஆப்பு இறக்கிப் பிளந்து எடுத்தவைதான்.